வீரசாமியின் சைவக் கார்

ஜினெட் கத்தியைப் பின்னிருக்கையின் வயிற்றில் செருகி, ஒரே இழுப்பில் தோலைக் கிழித்து, உள்ளே கைவிட்டுக் கருஞ்சுருளாக ஒரு பிடி மயிரை அள்ளினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு, மருத்துவச்சி பிள்ளையைத் தகப்பனிடம் காட்டுவதுபோல அதை வீரசாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாதி குதிரை, மிசே வீரசாமி. மீதி பன்றி."

வீரசாமி போட்ட அலறலில், மொரீஷியஸின் பீத்தர் போத் மலையுச்சியில் உலகம் தோன்றிய நாளிலிருந்து குந்தியிருக்கும் பாறாங்கல் அரை விரற்கடை நகர்ந்துவிட்டது என்று ரோஸ் ஹில்லில் இன்றைக்கும் சொல்வார்கள். பட்டறை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து ஓடியது. அடுத்த ஊரான காத்ர் போர்னைத் தாண்டித்தான் திரும்பிப் பார்த்ததாம்.

"பன்றியா? என் கார்லயா?"

"உங்க கார்ல மட்டுமா? அந்தக் காலத்துப் பெரிய கார் எல்லாத்துலயும் இதுதான். வெறும் குதிரை மயிர் கட்டுப்படியாகாது. பன்றி மயிரைக் கலந்து, வேகவைச்சு, சுருட்டி அடைச்சா மெத்துன்னு இருக்கும். இத்தனை வருஷமா அதுமேலதானே குந்தியிருந்தீங்க? சுகமா இல்லையா?"

சுகமாகத்தான் இருந்தது. வீரசாமியைக் கொன்றதே அதுதான். ஒவ்வோர் ஆண்டும் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து, வெங்காயத்தைக்கூடக் கையால் தொடாமல், துவைத்த வேட்டியும் திருநீறுமாக அவன் போய் உட்கார்ந்தது பன்றியின் முதுகில்!

அந்தக் கார் அவனுக்கு வந்த கதை சின்னது. சர்க்கரை ஆலையில் கரும்பு எடைமேடைக் கணக்கர் வேலை அவனுக்கு. பிரான்சுக்குக் கப்பலேறிப் போன பழைய மேனேஜர் துரை, கொண்டுபோக முடியாத பொருள்களில் ஒன்றாக அதை அவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். முப்பது வயசுக் கார். கூரை கிடையாது, வேண்டும்போது இழுத்து மூடிக்கொள்ளத் துணி மூடாக்கு உண்டு. நீளத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முன்பக்கம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பின்பக்கம் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

போன வருஷம் அடித்த கரோல் புயல் அந்த மூடாக்கைப் பிய்த்துக்கொண்டு போய், இருக்கைகளில் ஒரு குளத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனது. அதே காற்றுதான் கோயிலின் மரத்தேரையும் தீக்குச்சியாக ஒடித்துப் போட்டது. புதுத் தேர் செய்ய நாளாகும். ஆகவே இந்தக் காவடிக்கு உற்சவ முருகன் ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குக் காரில்தான் வரவேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. கூரையில்லாத கார் வீரசாமியிடம் மட்டும்தான் இருந்தது. அவன் காருக்குள்ளேயே முருகன் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல அப்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

அங்கேதான் சின்னன் குறுக்கே விழுந்தான். சின்னன் அவனுடைய சகலை. அக்காள் அலமேலுவை வீரசாமியும் தங்கை பாக்கியத்தைச் சின்னனும் கட்டியிருந்தார்கள். கட்டிய நாள் முதல் இவன் ஒரு படி ஏறினால் அவன் ஒன்றரைப் படி ஏறுவான்.

"சகலை, உங்க சீட்டு என்ன சீட்டு?"

"தோல் சீட்டு. அசல் இங்கிலீஸ் தோல்."

"எதோட தோல்?"

சின்னன் கமிட்டியின் பக்கம் திரும்பினான்.

"பசுமாட்டு மேல முருகனை உட்கார வைக்கப் போறீங்களா? என் புது வண்டியில எல்லாம் ரெக்சின். தொழிற்சாலையில பொறந்தது. அதுக்குத் தாயுமில்லே, தகப்பனுமில்லே. சுத்த சைவம்."

"உன் வண்டிக்குக் கூரை இருக்கே! சாமியை ஜன்னல் வழியாவா கும்பிடுவாங்க?"

"வெட்டிடுறேன்!" என்றான் சின்னன். நேற்று வாங்கிய காரின் கூரையை!

பேச்செல்லாம் தீவின் பொதுமொழியான கிரியோலில்தான் நடந்தது. சண்டை கிரியோலில், சத்தியம் தமிழில் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஆகையால் வீரசாமி எழுந்து, சந்நிதிக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தபோது, தமிழே தெரியாதவனுக்கும் விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

"தோலோ மயிரோ எலும்போ, எந்த ஜீவனோட வாடையாவது என் வண்டிக்குள்ள இருந்துச்சுன்னா, முருகன் அதுல ஏற வேண்டாம். சின்னன் வண்டியிலயே போகட்டும்!"

தோலை உரித்தால் போதும் என்று நினைத்துத்தான் அவ்வளவு பலமாக அடித்தான். அதற்குக் கீழே பன்றி படுத்திருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜினெட்டுக்குக் கொண்டாட்டம். ரோஸ் ஹில்லில் நாற்காலி, சோபா, கார் இருக்கை எல்லாவற்றுக்கும் மெத்தை தைப்பவள் அவள்தான். வாய் நிறைய ஆணி. அந்த ஆணிகளுக்கு நடுவிலேயே பேச்சும் சிரிப்பும் சிகரெட்டும் எப்படியோ இடம் பிடித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஒருத்தர் இப்படிக் கதிகலங்கிப்போய் நிற்பதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிடாமல், ஊறுகாய்போலத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவன் வந்ததும், "கதவுல ஒட்டியிருக்கிற பலகை இருக்கே மிசே…" என்று ஆரம்பித்தாள்.

"பலகை மரந்தானே?"

"மரந்தான். ஒட்டின பசை?"

வீரசாமி கதவைப் பிடித்துக்கொண்டான்.

"குளம்பும் எலும்புமாப் போட்டு ராத்திரி பகலாக் காய்ச்சுவாங்க. நல்லா பிடிக்கும்."

பசை போயிற்று. பசை போனதும் கதவுப் பலகைகள் நான்கும் மரியாதையாக இறங்கித் தரையில் படுத்துக்கொண்டன. கம்பளத்தின் முறை வந்தபோது வீரசாமியே முந்திக்கொண்டு, "ஆட்டு மயிர், தெரியும், எடு" என்று கண்ணை மூடிக்கொண்டான். அன்று சாயங்காலம் வீட்டில் அலமேலு கேட்டாள்.

"ஏங்க, ஆட்டை யாரும் கொல்லலையே. மயிரைத்தானே வெட்டினாங்க?"

"உடம்புலேருந்து வந்தா அசைவந்தான்."

"அப்போ காவடிக்குப் பால்குடம் எடுக்கிறோமே, அது பசுவோட கொம்புலேருந்தா வருது?"

 வீரசாமி அன்று சாப்பாட்டை மோர் இல்லாமலே முடித்துக்கொண்டான்.

இதற்கெல்லாம் உச்சம் கியர்க் கம்பியின் குமிழ். காரின் அத்தனை சாமான்களிலும் வீரசாமிக்குப் பிடித்தது அதுதான். வெண்ணெய் உருண்டைபோல வழவழவென்று உள்ளங்கையில் உட்காரும். துரை போன நாளிலிருந்து அவன் கையைத் தவிர வேறு கை அதில் பட்டதில்லை. ஜினெட் அதைக் கழற்றி, சிகரெட்டை வாயின் மறு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நோன், நோன்," என்றான் வீரசாமி. "அது ஏதோ கல்லு. பளிங்கு."

"பளிங்குக்கு இப்படி மெல்லிசா ரேகை ஓடாது, மிசே. இது தந்தம்."

"தந்தம்னா?"

"யானைப் பல்லு."

இந்தத் தடவை அவன் அலறவில்லை. அலறியிருந்தால் பரவாயில்லை. பட்டறையில் கிடந்த உடைந்த சோபாவில் மெதுவாகச் சரிந்தான். தம்பி முருகன் ஊர்வலம் போகப்போகிற வண்டியில் அண்ணன் பிள்ளையாரின் பல்! அதையல்லவா இத்தனை வருஷமும் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தான்! ஜினெட் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே, முன்பலகைக்கு மெருகேற்றிய அரக்கும் ஒரு பூச்சியிடமிருந்து வந்ததுதான் என்பதையும் சொல்லிவைத்தாள். நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருந்தாளாம்.

ஆகமொத்தம், கொடியேறிக் காவடி விரதம் தொடங்கியபோது காரில் மிச்சம் இருந்தது இரும்பும் ஸ்டியரிங்கும்தான். உள்ளே நின்று பார்த்தால் ஆலையின் கொப்பரைக்குள் நிற்பதுபோல இருந்தது. சின்னன் ஒருநாள் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தான்.

"சகலை, முருகனுக்கு ஒரு முக்காலி போட்டுடுங்களேன்!" என்றான். தன் காரின் கூரையை வெட்டுவதற்கு ஏற்கெனவே ஆள் சொல்லிவிட்டதாகவும் தகவல் கொடுத்தான்.

வீரசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முதல் அவனும் பட்டறையிலேயே குடியேறினான். இருக்கைக்குத் தேங்காய் நாரை அடைத்தார்கள். அதற்குமேல் இலவம் பஞ்சு. அதற்குமேல், சர்க்கரை மூட்டைக்கென்று கற்றாழை நாரில் நெய்யும் கோணி. தரைக்குத் தாழை ஓலைப் பாய். கியர்க் குமிழுக்குக் கொய்யாக் கட்டையைக் கடைந்து மாட்டினார்கள். எல்லாம் இந்தத் தீவின் மண்ணில் முளைத்தவை. தோட்டத்தையே காருக்குள் நட்டுவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது.

பசைதான் சொன்னபடி கேட்கவில்லை. மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சி ஒட்டினார்கள். காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது. வீரசாமி ஆலைக்குப் போய் ஒரு டின் கழிவுப்பாகு கொண்டுவந்தான். மாவோடு அதைக் கலந்து காய்ச்சியதும் பசை பிடித்தது பாருங்கள், அனுமார் சஞ்சீவி மலையைப் பிடித்த பிடி! கதவுப் பலகை, இருக்கைத் தையல், பாயின் விளிம்பு, எல்லா இடத்திலும் தாராளமாகப் பூசினான். ஜினெட் விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஆலோர், மிசே! பசிச்சா உங்க காரைத் தின்னலாம் போலிருக்கே!"

வீரசாமி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

காவடி நாளும் வந்தது. ஆற்றங்கரை முழுக்க ரோஸ் நிற உடுப்பு. காவடிகள், பால்குடங்கள், அலகு குத்திய நாக்குகள், மேளம், கற்பூரப் புகை. லாங் மவுண்டனிலிருந்துகூட ஒரு பஸ் ஆள் வந்திருந்தது. நடுவில் வீரசாமியின் கார், மாலைகளுக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் சின்னனின் கார். சொன்னபடியே கூரையை வெட்டியிருந்தான். மூடி கழற்றிய சார்டின் டப்பாபோல அது காத்திருந்தது.

சின்னன் வீரசாமியின் காருக்குள் இறங்கி, நான்கு காலில் தவழ்ந்து மோந்து பார்த்தான். கோணியைத் தட்டினான். நாரைப் பிடுங்கினான். குமிழைக் கடித்தும் பார்த்தான். கொய்யாதான். முகம் கறுத்துப்போய் வெளியே வந்தான். வீரசாமிக்கு வானம் தலையில் இடித்தது.

அப்போது குருக்கள் வந்தார். அந்த வருஷம்தான் இந்தியாவிலிருந்து வந்திருந்த புதுக் குருக்கள். உற்சவரைப் பின்னிருக்கையில் எழுந்தருளச் செய்து, பக்கத்தில் தான் உட்கார வேண்டிய இடத்தில், கக்கத்திலிருந்து சுருட்டிய ஒன்றை எடுத்து உதறி விரித்தார்.

புள்ளி புள்ளியாக, நான்கு காலும் வாலுமாக, ஒரு முழு மான் தோல்.

வீரசாமியின் வாய் திறந்தது, மூடவில்லை. பசு போய், பன்றி போய், குதிரை, ஆடு, யானை, பூச்சி எல்லாம் போய், கடைசியில் சாமியோடு சேர்ந்தே வண்டியில் ஏறுகிறதே மான்!

"மான்!" என்று கூவினான் சின்னன். அந்தக் குரலில் இருந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வது! "கமிட்டிக்காரங்களே, வந்து பாருங்க! கற்பூரம் அடிச்ச வண்டியில மான்! இறக்குங்க சாமியை, நம்ம வண்டி ரெடி!"

"இது மான் இல்லை, ஆசனம்," என்றார் குருக்கள் முறைப்பாக. "ரிஷிகள் அமர்ந்தது. இதில்லாமல் நான் உட்கார்ந்ததே கிடையாது."

"சாமி, அதை மட்டும் எடுத்துடுங்க," என்று வீரசாமி கெஞ்சினான். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

குருக்கள் அசைவதாயில்லை. கமிட்டித் தலைவர் அவரைப் பார்க்கிறார், சின்னனைப் பார்க்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நாலு பேர் உற்சவரைத் தூக்கக் கை நீட்டியும்விட்டார்கள். அப்போதுதான் பால்குடத்தைத் தலையில் வைத்தபடியே அலமேலு முன்னால் வந்தாள்.

"அய்யரே, அந்த முருகனே ஒரு கோவணத்தோட மலைமேல வெறும் பாறையில நின்னாரு. நீங்க ஒரு நாளைக்குக் கோணிமேல உட்கார மாட்டீங்களா?"

கூட்டம் "வேல் வேல்" என்றது. அதற்குப் பிறகு எந்தக் குருக்களுக்குத்தான் வாய் வரும்? மான் தோலைச் சுருட்டி யாரிடமோ கொடுத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கோணியில் அமர்ந்தார். குலுக்கலில் உற்சவர் சாயாதபடி இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தார். வீரசாமி கொய்யாக் குமிழை இழுத்தான். வண்டி நகர்ந்தது.

முதல் வளைவு வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெயில் ஏறியது. பாகு இளகியது. குருக்களின் வலது தோள் துடித்தது. பிறகு இடது தோள். பிறகு இடுப்பு பாம்புபோல ஒரு நெளி நெளிந்தது. கண்கள் மேலே செருகின. பல்லைக் கடித்துக்கொண்டு "உஸ்ஸ்" என்றார்.

"குருக்களுக்கு அருள் வந்துடுச்சு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

அவ்வளவுதான். மேளம் மூன்று மடங்கு வேகத்தில் அடித்தது. மஞ்சள் நீர் குடம் குடமாக அவர் மேல் விழுந்தது. சொறிந்துகொள்ளக் கையில்லாத மனிதர். கையை விட்டால் முருகன் கீழே. ஆகவே கைகளை மட்டும் அசைக்காமல் மற்ற எல்லாவற்றையும் ஆட்டினார். தில்லையில் ஆடியவர் பார்த்திருந்தால் தாளம் தப்பியிருப்பார்.

வீரசாமிக்கும் மெய் சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிடப் போனவன், பின்னிருக்கையைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தான். 

இருக்கையின் தையலிலிருந்து, கதவுப் பலகையிலிருந்து, பாயின் விளிம்பிலிருந்து, சிவப்பாக, வரிசை வரிசையாக, தலையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தன எறும்புகள். ஆயிரமா, லட்சமா? மொரீஷியஸின் எறும்புகள் எல்லாம் குடும்பத்தோடு அன்றைக்கு அவன் காரில்தான் விருந்துக்கு வந்திருந்தன. செத்த ஜீவன்களை ஒன்றுவிடாமல் எடுத்து வெளியே போட்டவன், உயிரோடு ஒரு பட்டாளத்தையே உள்ளே வைத்துப் பாகால் உபசரித்திருக்கிறான்!

எந்த ஜீவனோட வாடையாவது என்று தமிழில் அல்லவா சொல்லித் தொலைத்தான்.

வாயைத் திறந்தால் முருகன் பின்னால் வரும் சார்டின் டப்பாவுக்குப் போய்விடுவார். அந்தச் சமயம் பார்த்து முதல் எறும்பு அவன் தொடையைக் கண்டுபிடித்தது.

"முருகா!" என்றான் வீரசாமி. மனம் உருகிச் சொன்னான். அப்படியொரு முருகா அவன் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. இரண்டாவது எறும்பு. "கந்தா!" மூன்றாவது, நான்காவது. "கடம்பா! கதிர்வேலா!" வழியில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, ஸ்டியரிங்கை விடாமல், வண்டியைக் கோணாமல் ஓட்டிக்கொண்டு போகிறானே, இவனல்லவா பக்தன்!

ஒருவனுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. சின்னன் தன் காரைப் பக்கத்தில் இருந்த ஒரு மச்சினன் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து, வீரசாமியின் காரின் பக்கப் படியில் தாவி ஏறினான்.

"சகலை, இதுக்குள்ள என்னமோ இருக்கு. எனக்குத் தெரியும்."

"இறங்குடா சின்னா. முருகா! சொன்னாக் கேளு, இறங்கு."

"மாட்டேன். இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே முழங்கை வரைக்கும் இருக்கையின் இடுக்கில் கையைச் செருகினான்.

அவன் எழுப்பிய ஓலத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. தூரத்தில் கடலில் போன கப்பல் ஒன்று, துறைமுகம் கூப்பிடுகிறதென்று நினைத்துத் திரும்பியதாம். ஒரு காலைப் படியில் ஊன்றி மறு காலை வானத்தில் வீசிச் சின்னன் ஆடிய ஆட்டத்தைக் கண்டு கூட்டம் திகைத்து, அடுத்த கணம் வெடித்தது. "சின்னனுக்கும்! சின்னனுக்கும் வந்துடுச்சு! வேல் வேல்!"

இத்தனை காவடியில் ஒரு தடவைகூடச் சாமி இறங்கி வந்து தொட்டுப் பார்க்காத மனுஷன் அவன். மஞ்சள் நீர் அவன் தலையில் கொட்டியது. கழுத்தில் மாலை விழுந்தது. கமிட்டித் தலைவர் அவன் நெற்றியில் திருநீற்றை அள்ளி அப்பினார். கல்யாணமான நாள் முதல் அவனிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் குனிந்து கொடுத்தறியாத பாக்கியம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, கன்னத்தில் நீர் வழிய, நகர்கிற காரோடு கூடவே நடந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சின்னன் கையை வெளியே இழுத்தான். மூடிய விரல்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ ஊர்ந்தது. வீரசாமி பார்த்தான். சின்னனும் பார்த்தான்.  இனி அவ்வளவுதான். கையை விரித்து ஊருக்குக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

சின்னன் தன் கையைப் பார்த்தான். காலடியில் நடந்துவரும் பாக்கியத்தைப் பார்த்தான். கழுத்து மாலையைப் பார்த்தான். பின்னால், கூரையிழந்து வெயிலில் வந்துகொண்டிருந்த தன் புதுக் காரைப் பார்த்தான்.

பிறகு விரல்களை இறுக்கி மூடிக்கொண்டான்.

"முருகா!" என்று வானத்தைப் பார்த்துக் கூவினான். வீரசாமி பேயறைந்தவன்போல அவனைப் பார்த்தான். சின்னன் பல்லைக் கடித்தபடி காதோரமாகக் குனிந்தான்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க, சகலை. கொஞ்சம் சீக்கிரமா!"